பாதி எரிந்த மெழுகுவர்த்தி

கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் தெஸ்பினா. பிறகுதான் காபியைக் கொண்டுவந்து கணவன் முன் வைத்தாள்.

"யார் அவ?"

"எவ?" என்றான் அனெஸ்டிஸ்.

அவன் மேலங்கியில் கிடைத்த பாதி எரிந்த மஞ்சள் மெழுகுவர்த்தியை மேசையில் போட்டாள். "ஒரே ஒரு தடவை ஏத்தி அணைச்சதை நெஞ்சோட வச்சுக்கிட்டுச் சுத்துறீங்க. எவ குடுத்தா?"

சுல்தானிடமிருந்து கிரேக்க மண்ணை மீட்கக் கிளம்பிய ரகசியச் சங்கத்தில் சேர்ந்த அன்று, வேதப்புத்தகத்தின்மேல் அவன் கைவைத்துச் சத்தியம் செய்தபோது எரிந்து, சேர்ந்தவருக்கே அடையாளமாகக் கொடுக்கப்படும் மெழுகுவர்த்தி அது. கூட்டிப்போன தோல் வியாபாரியைத் தவிரச் சங்கத்தில் வேறு யாரையும் அவனுக்குத் தெரியாது. மனைவியிடம் சொன்னாலும் துரோகம்தான். துரோகிக்குச் சாவு, சொந்த ரத்தமா என்று யாரும் பார்க்கக் கூடாது.

காபிக்குக் கை நீட்டினான். அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பதில் முதல்ல. காபி அப்புறம்."

"சீட்டாடப் போறேன். அவ்வளவுதான்."

"அதுக்கு மெழுகுவர்த்தியும் கொண்டுபோகணுமா? ஆட்டம் நடக்குறது கல்லறையிலயா?" கதவோரம் கட்டி வைத்திருந்த துணிமூட்டையைக் காட்டினாள். "கியோஸ் தீவுக்குப் போற கப்பல் மதியம் கிளம்புது. அண்ணன் துறைமுகத்துல நிக்கிறார். உண்மையைச் சொன்னா இருக்கேன். இல்லைன்னா பிள்ளையோட போயிடுவேன்."

ஜன்னல் வழியே பார்த்தான். கீழே சுல்தானின் காவலர்கள் ரொட்டிக் கடைக்காரனை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் மகள் பொம்மையை அதட்டுவது கேட்டது.

தெஸ்பினாவின் குரல் இளகியது. "என்கிட்ட மட்டும் சொல்லுங்க. பொண்டாட்டிதானே."

சொல்லிவிடலாம் போலிருந்தது. வாய் திறந்தான்.

"ஆமா, ஒருத்தி இருக்கா. பேரைக் கேக்காதே. நீ கப்பலுக்குக் கிளம்பு."

அவள் அவனையே பார்த்தாள். கண் நிறைந்தது. எழுந்து மூட்டையை அவிழ்த்து, துணிகளுக்கு நடுவிலிருந்து இன்னொரு மஞ்சள் மெழுகுவர்த்தியை எடுத்தாள். அவனுடையதன் பக்கத்தில் வைத்தாள். அதுவும் பாதிதான் எரிந்திருந்தது.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். கை தானாகப் போய்க் கோப்பையை எடுத்தது.

அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதைக் குடிக்காதீங்க. நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சுக் கலந்தது."