காதுகுத்து ஃபிளெக்ஸ்

வளர்மதி ஃபிளெக்ஸின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள். கூட வந்தவள் மறுமுனையைப் பிடித்தாள்.

குடும்ப நல நீதிமன்றத்தின் அந்தச் சின்ன அறையில் பாதி அடைபட்டுப்போனது. பெண்கள் இருவரும் அதன் பின்னால் மறைந்தார்கள். விரல்கள் மட்டும்தான் தெரிந்தன.

"இதென்னம்மா, கல்யாண மண்டபமா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"ஆதாரம் எங்கன்னு கேட்டீங்கள்ல. கொண்டாந்துருக்கேன்," என்றது பின்னாலிருந்து வளர்மதியின் குரல்.

போன வருடம் இதே அறையில்தான் அவள், தன் கணவன் செந்தில்குமாருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று சொன்னாள். நிரூபிக்க முடியவில்லை. ஆதாரமில்லாமல் கணவன்மீது பழி சுமத்துகிறவள் என்று தீர்ப்பில் எழுதி, அதையே காரணமாக வைத்து அவனுக்கு விவாகரத்துக் கொடுத்தார்கள்.

விவாகரத்து போய்த் தொலையட்டும். இனி அவனே திரும்பி வந்தாலும் வாசப்படி ஏறவிட மாட்டாள். ஆனால் அந்த ஒரு வரி! செந்துறையில் அவள் போகிற இடமெல்லாம் 'அபாண்டம் பேசுகிறவள்' என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வரியை அடிக்காமல் விடுவதில்லை என்றுதான் வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட்டாள்.

ஃபிளெக்ஸ் கிடைத்தது அரும்பாவூர்ப் பக்கம், மக்காச்சோள வேலைக்குப் போன இடத்தில். காயப்போட்ட சோளத்தை அள்ளி முடித்தபோது, அடியில் விரித்திருந்த ஃபிளெக்ஸில் செந்தில்குமார் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஒருத்தி. நடுவில் ஒரு பிள்ளை. கீழே காதணி விழாத் தேதி. வழக்கு நடந்ததற்கு முந்தைய வருடம்.

லாரி ஓட்டுகிறேன் என்று பாதி நாள் எங்கே ஓடினான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஃபிளெக்ஸ் வேண்டாமென்று அவனும் தலைபாடாக அடித்துக்கொண்டிருப்பான். அந்த வீட்டு மச்சினன்கள் கேட்பார்களா? எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல்கூடக் காது குத்திவிடலாம், ஃபிளெக்ஸ் இல்லாமல் குத்த முடியாது. விழா முடிந்ததும் அது களத்துக்கு வந்துவிடும்.

செந்தில்குமாரைக் கூப்பிட்டார்கள். வெளியே போன் பேசிக்கொண்டிருந்தவன், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டபடி உள்ளே வந்தான். ஃபிளெக்ஸைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"கம்ப்யூட்டர்ல யாரை வேணா யார் பக்கத்துலயும் நிறுத்தலாம் மேடம்," என்று வக்கீல் முந்திக்கொண்டார்.

நீதிபதி அவரைப் பார்க்கவே இல்லை. "படத்துல இருக்கிற பொண்ணு யாருங்க?" என்று செந்தில்குமாரிடம் கேட்டார்.

அவன் வக்கீலைப் பார்த்தான். பிறகு துணிந்துவிட்டான்.

"சத்தியமா தெரியாதுங்கம்மா. கண்ணால பாத்ததுகூட இல்ல."

ஃபிளெக்ஸின் மறுமுனை மெதுவாகச் சரிந்தது.

படத்தில் இருந்த அதே முகம் அதன் பின்னால் நின்றது. பட்டுப்புடவை மட்டும்தான் இல்லை.

களத்தில் காய்ந்தது இந்த அம்சவள்ளி வீட்டுச் சோளம்தான். ஃபிளெக்ஸைக் கேட்டு நின்ற வளர்மதியிடம், 'கூட வந்து பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன்க்கா, வாயை மட்டும் தொறக்க மாட்டேன்' என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் செந்தில்குமாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாட்சி சொல்றவங்க எங்கம்மா வந்து நிக்கணும்?" என்று நீதிபதியைக் கேட்டாள்.