நாலு வரிப் பிரார்த்தனை

"அனுபவம் எல்லாம் இருக்கட்டும். பிரார்த்தனை சொல்லுங்க."

மேனேஜரம்மா விண்ணப்பத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

மூக்குக்கண்ணாடிக் கடை அது. ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்த ஆள் எடுக்கிறார்கள். வந்தவனுக்கு, தப்பான கட்டிடத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது.

"மேடம், நான் லென்ஸ் ஃபிட்டர். பன்னிரண்டு வருஷமா..."

"அதைக் கேக்கலை."

கடையில் அந்த அம்மாவுக்கு 'வடிகட்டி' என்று பெயர். முதலாளியின் மதத்துக்காரர்களைத் தவிர ஒரு கொசுவைக்கூட உள்ளே விடமாட்டார் என்று கவுன்டரில் நிற்கும் மூன்று பேரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

"எனக்கு அது தெரியாது மேடம். மதம்ங்கற இடத்துல உண்மையைத்தான் எழுதியிருக்கேன், பாருங்க."

"பார்த்தேன்."

"அப்ப கிளம்பறேன். ஏற்கெனவே ரெண்டு கடையில அந்த இடத்தைப் பார்த்ததும்தான் அனுப்பி வெச்சாங்க. ஒருத்தர் குரல்ல அப்படியே வெண்ணெய். 'உங்க திறமைக்கு எங்க கடை ரொம்பச் சின்னது தம்பி.' இன்னொருத்தர் ஜலதோஷக்காரர். 'சொல்லி அனுப்பறோம், போன் வந்தா எடுங்க.' நம்பரையே வாங்கிக்கலை."

இரண்டு பேரையும் அப்படியே பேசிக் காட்டினான். வடிகட்டி சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் எனக்குக் குழந்தை பொறக்கப் போகுது மேடம். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற கடை பார்க்கணும்."

"முடியாதுன்னு யார் சொன்னது? முதலாளி மூணு மணிக்கு வருவார். படிவமெல்லாம் படிக்க மாட்டார். தினமும் கடை திறக்கும்போது சொல்ற பிரார்த்தனை, அதைச் சொல்லச் சொல்லிக் கேப்பார். அவ்வளவுதான். இப்ப மணி ரெண்டு. ஸ்டோர் ரூமுக்கு வாங்க."

"எதுக்கு?"

"மனப்பாடம் பண்ண. நாலே வரி."

"மேடம், எனக்குன்னு ஒரு சாமி இருக்கு."

"இருக்கட்டுமே. அதை யாரும் வெளியே போகச் சொல்லலை. வேலை வேணுமா, வேணாமா?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வகுப்பு நடந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவன் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை.

"ரெண்டாவது வரிக்கு நடுவுல மூச்சு விடாதீங்க."

"சரி."

"மூணாவது முடிஞ்சப்புறம்தான் தலையைக் குனியணும். இப்பவே குனிஞ்சா ஸ்க்ரூவைத் தொலைச்சிட்டுத் தேடற மாதிரி இருக்கு."

"சரி."

"கண்ணை மூடுங்க. ரெண்டையும்."

பத்து தடவை, இருபது தடவை. ஒரு எழுத்து பிசகினாலும் முதலிலிருந்து. மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, "தண்ணி குடிங்க தம்பி, போதும்," என்றார் வடிகட்டி.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். துருப்பிடித்த ஷட்டரை இழுத்ததுபோல் ஒரு குரல்.

"என்னம்மா, நல்லா விசாரிச்சியா? நம்ம ஆளுதானே?"

"நீங்களே கேட்டுப் பாருங்க சார்."

சொன்னான். குனிய வேண்டிய இடத்தில் குனிந்தான். நாலு வரியில் ஒரு பிசிறு இல்லை.

முதலாளி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வளர்ப்புன்னா இது. பெத்தவங்க புண்ணியவான்கள். நாளைக்கே வரச் சொல்லும்மா." லென்ஸ் பொருத்தத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய்விட்டார்.

வடிகட்டி அவனுடைய விண்ணப்பத்தை நாலாக மடித்துத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"ஒன்பது மணிக்கு வந்துடுங்க."

வேலை கிடைத்துவிட்டது. ஆனாலும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

"வரேன் மேடம். ஆனா ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. பொழைக்க வந்தவனைப் பிடிச்சு வெச்சு உங்க பிரார்த்தனையைச் சொல்ல வெச்சீங்களே, உங்க மதத்துல இது பாவம் இல்லையா?"

"என் மதத்துலயா? தெரியலையே. வீட்டுக்குப் போய் எங்க அப்பாவைத்தான் கேக்கணும்."

மேனேஜரம்மா கவுன்டர் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் காலையில கவனிங்க தம்பி. அந்த மூணு பேரும் பொறந்ததுலேருந்து இந்த மதம்தான், மூணாவது வரி வந்தா வெறும் வாயை மெல்லுவாங்க. முதலாளிக்கே நாலாவது வரி தடுக்கும். வேலை போயிடுமோன்னு பயந்து படிச்ச நாம ரெண்டு பேர்தான் இந்தக் கடையில ஒழுங்கா பிரார்த்தனை பண்றவங்க."