பச்சைப் படிக்கட்டு

"அந்த ஓட்டலுக்கு நீ வரவே இல்லடி. எத்தனை தடவை சொல்றது? அப்பா, அம்மா, நான். அவ்வளவுதான்."

அக்கா காரை நிறுத்திய வேகத்தில் இளையவளின் நெற்றி முன்கண்ணாடியில் இடிக்கப் பார்த்தது. வழியெல்லாம் இதே சண்டைதான். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அப்ப என்னை யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க? அதை மட்டும் சொல்லு, இப்படியே திரும்பிப் போயிடலாம்."

அக்கா இறங்கி, கார்க் கதவை அறைந்து சாத்தினாள்.

இளையவளுக்கு நினைவு தெரிந்த முதல் சந்தோஷமே ஓர் ஓட்டல்தான். பச்சை ஓடு பதித்த படிக்கட்டு, கொடிகொடியாகத் தொங்கும் வெள்ளை விரிப்புகள், சக்கரம் வைத்த பெரிய கூடைக்குள் உட்கார்ந்து போன சவாரி, தலையைத் தடவிய அம்மாவின் ஈரக் கை. அதைப் பற்றிக் கேட்டால் போதும், அப்பா பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார். "கனவு கண்டிருப்பே" என்று அம்மா எழுந்து போய்விடுவாள்.

அம்மா இறந்த பிறகு அலமாரியில் ஒரு போட்டோ கிடைத்தது. மூன்று தூண் வைத்த ஓட்டல் வாசலில் அப்பா, அம்மா, நடுவில் முன்பல் விழுந்த அக்கா. அந்தத் தூண்களை அடையாளம் வைத்து ஊர் ஊராக விசாரித்துத்தான் இந்த இடத்தைப் பிடித்தாள். "போடி பைத்தியம்" என்ற அக்கா, இவள் தனியாகப் பஸ் ஏறப்போகிறாள் என்று தெரிந்ததும் பேசாமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் புதுச் சட்டை அக்காவுக்கு, பழைய சட்டை இவளுக்கு. திட்டு மட்டும் இவளுக்குப் புதிதாகவே கிடைக்கும். அம்மா தன்னையும் ஒருமுறை ஆசையாக வெளியூர் கூட்டிப்போனாள் என்று சொல்லிக்கொள்ள, இந்த ஓர் ஓட்டலை விட்டால் அவளிடம் வேறெதுவும் இல்லை.

"பச்சைப் படிக்கட்டா?" வரவேற்பறைப் பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "இங்க எல்லாம் மார்பிள். ரூம் வேணுமா, வேணாமா?"

"கொஞ்சம் சுத்திப் பார்த்துட்டு..."

"தங்குறவங்களுக்கு மட்டும்தான். இது என்ன பொருட்காட்சியா?"

அக்காவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "கேட்டுக்கோ! எனக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. அதோ அந்த லிஃப்ட்டுல பழைய இரும்புக் கதவு இருந்துச்சு. பின்னாடி நீச்சல் குளம். பால்கனியில நின்னா நேரா ஏரி தெரியும். இதுல ஒண்ணாவது உனக்குத் தெரியுமா?"

இளையவள் சுற்றிலும் பார்த்தாள். ஒன்றுகூடத் தெரியவில்லை.

"அம்மா கை ஈரமா இருந்துச்சாம்! நகப்பூச்சு கலைஞ்சிடும்னு இங்க இருந்த வரைக்கும் அவ குளத்துப் பக்கமே போகல. ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு எப்படியெல்லாம் கதை கட்டுறே! நட, கிளம்பு."

அப்போது ஓரத்திலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பணிப்பெண் துணி வண்டியோடு வெளியே வந்தாள். கதவு மூடுவதற்குள், சூடான சோப்பு வாசனை வந்து இளையவளின் முகத்தில் அடித்தது. அடுத்த நொடி அவள் கதவுக்குள் இருந்தாள்.

"ஹலோ! அங்கெல்லாம் போகக் கூடாது! செக்யூரிட்டி!"

"வேணாம்டி! நில்லு!" அக்காவின் குரல் கிறீச்சிட்டது.

கதவுக்குப் பின்னால் படிக்கட்டு கீழே இறங்கியது. பச்சை ஓடு. நடுவில் ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரம். அவள் பார்ப்பதற்கு முன்பே கால் அதைத் தெரிந்து வைத்திருந்தது. கீழே ஆவி மண்டிய நீளமான அறை. கொடிகளில் வெள்ளை விரிப்புகள். சுவரோரம் சக்கரம் வைத்த கூடைகள்.

"அக்கா! இங்க வந்து பாரு!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சீங்களே, இப்ப என்ன சொல்லப்போறே? நானும் இங்க தங்கியிருக்கேன்!"

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கிழவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "யாரும்மா அது, சந்தைக்கடை மாதிரி கத்துறது? முதல்ல மேல ஏறு."

"சின்ன வயசுல நான் இந்த ஓட்டல்ல தங்கியிருக்கேன், பெரியவரே. இந்தக் கூடையில உக்காந்து விளையாடியிருக்கேன்!"

"யார்கிட்ட கதை விடுறே? நாப்பது வருஷமா இங்கதான் வேகுறேன். தங்க வர்றவங்க யாரும் இந்தப் படியில கால் வெச்சதில்ல. துவைக்கிறவங்களும் அவங்க பிள்ளைங்களும்தான் இங்க."

"பொய்! வேணும்னா எங்க அக்காவைக் கேளுங்க!"

அவள் திரும்பினாள். அக்கா கடைசிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலையிலிருந்து வெடித்துக்கொண்டிருந்த முகத்தில் இப்போது கோபம் துளியும் இல்லை.

"சொல்லு அக்கா. நான் வந்தேனா இல்லையா?"

"அம்மா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாடி." அக்கா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வரும்போது நாங்க மூணு பேருதான். திரும்பிப் போகும்போதுதான் நாலு பேரு."