பொத்திய வாய்

"மார்ல அடிச்சுக்கிட்டு அழுறதெல்லாம் பழைய பாணி. போய் அசல் அழுகையைப் பார்த்துட்டு வாடா!" என்று நாடக வாத்தியார் விரட்டியதால், மாணவன் முன்பின் தெரியாத ஓர் இழவு வீட்டில் நுழைந்தான்.

அங்கே இறந்தவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதார். மறுநாள் வகுப்பில் அதை அப்படியே நடித்தான். அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இதுதான்டா இயல்பு நடிப்பு!" என்றார் வாத்தியார்.

கைதட்டல் அவனுக்கு முள்ளாய்க் குத்தியது. அடுத்தவர் துக்கத்தைத் திருடிக் கைதட்டு வாங்குவதா? மனம் கேட்காமல் அந்த அம்மாவிடமே போய் நின்றான்.

"மன்னிச்சிடுங்கம்மா. அன்னிக்கு நான் துக்கம் விசாரிக்க வரல. நீங்க அழுறதைப் பார்த்துக் கத்துக்கத்தான் வந்தேன்."

அம்மா தெருவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நல்லா இருக்கே கதை! அந்த மனுஷன்கிட்ட நான் பட்ட அடிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. சொந்தக்காரங்க எல்லாம் என் மூஞ்சியையே பார்க்கறாங்க. அப்பத்தான் மூலையில நீ வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கினே. அதைப் பார்த்துத்தான்ப்பா நானும் பொத்திக்கிட்டேன். உன் புண்ணியத்துல மானம் தப்பிச்சுது!"

அன்று அவன் பொத்தி அடக்கியது, பூவின் நெடிக்கு வந்த தும்மலை. அதை இனி எந்த வாயால் சொல்வான்?