தப்பே சொல்லாத டாக்டர்

"அய்யோ, நம்ம ஊர் டாக்டர் வர்றார்! பேப்பரால மூஞ்சிய மறைங்க!" என்று கணவரின் விலாவில் இடித்தாள் அவள்.

டாக்டருக்குத் தெரியாமல் ரயிலேறி இந்தப் பெரிய இருதய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். ஆனால் டாக்டர் பார்த்துவிட்டார். நேரே வந்து எதிரில் நின்றார்.

கணவர் பதறி எழுந்தார். "கோவிச்சுக்காதீங்க டாக்டர். இவதான் இன்னொரு இடத்துல காட்டணும்னு நச்சரிச்சா. என் நெஞ்சுவலிய நீங்க வெறும் வாய்வுன்னீங்க, இங்கேயும் அதையேதான் சொன்னாங்க. நீங்க சொன்னா தப்பவே தப்பாது!"

டாக்டரின் முகம் செத்துப்போனது.

"நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க டாக்டர்?" என்றாள் அவள்.

டாக்டர் கையிலிருந்த டோக்கனைக் காட்டினார். "எனக்குத்தான்மா. இருதயத்துல அடைப்பாம்."

"யார் சொன்னாங்க?"

"நான்தான்."

அவள் படபடவென்று ஆரம்பித்தாள்.

"அட, நீங்க சொன்னா ஆச்சா? என் தங்கச்சிக்கு ஒத்தைப் பிள்ளைன்னீங்க, ரெட்டை பொறந்துச்சு. என் மாமனார் ஒரு வாரம் தாங்கமாட்டார்னீங்க. மனுஷன் இன்னும் என்கூட மல்லுக்கட்டிட்டு இருக்கார்!"

கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

டாக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் சொல்லுங்கம்மா," என்றார்.