வரைபடத்தில் விழுந்த வட்டம்

இந்தக் காலத்தில் மூக்கை யாரும் நம்புவதில்லை, எல்லாவற்றுக்கும் கணினி கேட்கிறார்கள் என்று ஜாவா மீனவர் தர்சோ எரிச்சல்பட்டார். ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது உருக்காலைப் புகையால்தான் என்பது அவர் முடிவு. அவர் பேத்தியும் படுத்துவிட்டாள்.

“ஆலை மேல தப்பில்லைங்கிறியே, ஆலைக்காரன் விருந்து வெச்சானா, பொண்ணே?”

நோயை ஆராய வந்த விட்ரி, கணினியில் போட்ட வரைபடத்தை விரித்தாள். “நோய் வந்த வீடுகளைப் புள்ளி வெச்சோம், ஐயா. தற்செயலா இப்படிக் குவியாது. ஆனா வட்டம் ஆலையைச் சுத்தி விழல.”

“பின்ன எங்க விழுந்துச்சாம்?”

“உங்க கொல்லையில. வலையில கட்டுற ஈயக்குண்டு வார்க்கப் பழைய பேட்டரிய உருக்குறீங்களே, அந்த அடுப்பைச் சுத்தி.”

“என் அடுப்பு முழங்கால் உசரம், அவன் புகைபோக்கி தென்னை உசரம்! கணக்கைத் திருப்பிப் போடு, போ!”

தர்சோ விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தார். அடுப்பில் வைத்த ஈயம் இந்நேரம் உருகியிருக்கும்.