ஊசிப்போனவர்

பழைய இரும்புக்கடை நல்லசிவத்தின் உடம்பில் எந்தக் கிருமியும் ஒரு நாளைக்கு மேல் உயிர் வாழ்ந்ததில்லை. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் அடுத்த தடுப்பூசி எப்போது என்று மனைவி கோமதி பீரோ கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருந்தாள். அதைச் சம்பந்தி வீட்டார் முன் திறந்து காட்டி, "எனக்கும் தேதி போட்டிருக்கா பாருங்க, நான் என்ன கேஸ் சிலிண்டரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோமதியும் சிரித்தாள். மறுநாள் அவருடைய தேதியை மட்டும் அடையாளம் தெரியாமல் அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஊசிப்போச்சு' என்று எழுதினாள்.

ஆடி மாதத்தில் துருப்பிடித்த தகரம் ஒன்று அவர் குதிகாலைக் கிழித்தது.

"கடைசியா டிடி ஊசி எப்ப சார் போட்டீங்க? பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுக்கணும். தாடை பூட்டிக்கிச்சுன்னா அப்புறம் பேச்சே வராது" என்றாள் நர்ஸ். அவர் அவசரமாக வீட்டுக்குப் போன் போட்டார்.

"கோமு, என் தேதி என்னம்மா?"

"ஊசிப்போன சோத்துக்கெல்லாம் யாருங்க தேதி எழுதி வைப்பா?" என்று வைத்துவிட்டாள்.

ஊசி போட்டுக்கொண்டு கடைக்குத் திரும்பியவர், ஆட்களை டீ குடிக்க அனுப்பினார். ஷட்டரைப் பாதி இறக்கினார். அதன் உள்பக்கத்தில் சாக்பீஸால் பத்து வருஷம் தள்ளி ஒரு தேதியை எழுதி, அது என்ன கிழமை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.